ஜனவரி ஒன்று, 1999

“தேதியைப் பாருங்க மாமா. ஜனவரி ஒண்ணு, தொண்ணூத்தொம்போது. உங்க பொண்ணுக்கு அப்ப பதினாறு வயசு. என் மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்லை.”

தையல்காரர் காலரில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். மருமகன் நீட்டிய கையடக்கக் கம்ப்யூட்டரை அவருக்கு நன்றாகத் தெரியும். யாரோ ஒரு வாடிக்கைக்காரர் கூலிக்குப் பதிலாகத் தந்ததை மகளுக்கு அவர்தான் கொடுத்தார். கல்யாணமாகிப் போனபோது அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் வயிற்று நோயில் இறந்து மூன்று மாதம். கம்ப்யூட்டரில் அவள் பூட்டி வைத்த குறிப்புகளைத் திறக்க அவன் ஒரு புரோகிராம் எழுதினான். இந்த மாதிரிப் பழைய மெஷின்களுக்கு எதையாவது எழுதுவதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. உட்கார்ந்துவிட்டால் இடியே விழுந்தாலும் எழமாட்டான்.

இன்று காலை பூட்டு திறந்தது. புது பேட்டரி போட்டு, கைப்பழக்கத்தில் இன்றைய தேதியையும் திருத்திக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டான்.

“கேளுங்க. ‘மதியத்துலேர்ந்து வயித்துல வலி. சொன்னேன். இதோ, இதை முடிச்சிட்டு வரேன்னு பதில். தலையைக்கூடத் தூக்கலை.’ எட்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. ‘நாலாவது தடவையும் சொல்லியாச்சு. இனிமே சொல்லப் போறதில்லை.’”

“அந்த வருஷம் ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் எடுத்திருந்தேன் மாப்பிள்ளை. குனிஞ்ச தலை நிமிர முடியலை. ஆனா, வலின்னு அவ சொன்ன மாதிரி ஞாபகமே…”

“உங்களுக்கு எப்படி இருக்கும்? இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு டாக்டர் என்னைக் கேட்டாரு. அது உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி மாமா.”

பெரியவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சொல்லியிருப்பா. நான்தான் காதுல வாங்கலை போல. பெத்த பொண்ணை நானே கொன்னுட்டேனா மாப்பிள்ளை?”

“ஆமா,” என்றான் அவன். மூன்று மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மச்சினி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். “எங்களுக்குத் தலைவலின்னாலே கடையை மூடிட்டுத் தூக்கிட்டு ஓடுற மனுஷன் அவரு. போதும், குடுங்க அதை!”

அவள் பிடுங்கிய வேகத்தில் கம்ப்யூட்டர் கைநழுவித் தரையில் விழுந்தது. பின்மூடி தெறித்தது. பேட்டரி இரண்டும் தையல் மெஷினுக்கு அடியில் உருண்டோடின.

அவன் பதறிப்போய் மண்டியிட்டுத் தேடி எடுத்தான். நூல் பிசிறை ஊதிவிட்டுப் பேட்டரியைப் பொருத்தினான். திரை மினுங்கித் தேதியைக் காட்டியது. தேதியைத் திருத்த அவன் கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மச்சினி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இருங்க அத்தான். இன்னிக்கும் ஜனவரி ஒண்ணு, தொண்ணூத்தொம்போதுதானா?”