அளவான அங்கி

சித்தூர் சபையின் பக்கத்து அறையில் புதுப் போதகர் கைகளை அகல விரித்து நிற்கிறார். நேற்று ராத்திரி வழியில் பிடித்த மழையில் அவருடைய அங்கி பெட்டியோடு ஊறிவிட்டது. எலிசா வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை அங்கியை உதறுகிறான். அந்துருண்டை வாடை எழுகிறது. வயிற்றிலிருக்கும்போதே அவனை ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்த அம்மா, அவனுடைய இருபதாவது வயதில் தைத்து வைத்தது அது. ஒரு வருஷம் போகட்டும் என்றுதான் அவன் திருப்பதி லாட்ஜில் ரூம் பாய் வேலைக்குச் சேர்ந்தான். இப்போது மீசையும் நரைத்துவிட்டது. ஜன்னல் வெயில் பட்டு வெள்ளைத் துணி கண்ணைக் கூசவைக்கிறது. லாட்ஜ் மெத்தையில் விரிப்பை நீவுவது போலவே, போதகரின் தோளில் கிடக்கும் மடிப்பை அவன் கை நீவுகிறது. கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிடுகிறான். “எனக்கே அளவெடுத்தா மாதிரி கீதுண்ணே. யாருது?” என்கிறார் போதகர். “வூட்ல சும்மா கெடந்துச்சி, பாஸ்டர்.” கதவிடுக்கில் முதல் பெஞ்சு தெரிகிறது. அம்மா அங்கே உட்கார்ந்து இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி அடிக்கிறது. போதகர் கண்மூடி ஜெபித்து நிமிர்கிறார். எலிசா கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்குகிறான். கைகள் தாமாக முன்னால் கட்டிக்கொள்ள, தலை லேசாகக் குனிகிறது. “வேற எதாச்சும் வேணுமா, சார்?”