மவுஸ் பிடிக்க ஓர் ஆள்

"திவ்யா, மேல இடது பக்கம் ஒரு பட்டன் இருக்கும் பாரு. அதை அமுக்கு."

உள்ளேயிருந்து மகன் தினகரனின் குரல் கேட்டதுமே வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த இருசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை. பழவேற்காட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான். அவர்கள் பேசி அனுப்பும் பாடங்களில் இருமல், தும்மல், திக்கல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வெட்டிச் சுத்தமாக்கித் தர வேண்டும். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் காதில் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டே வெட்டுவான். அதில் இருசம்மாளுக்கு ஊர் கொள்ளாத பெருமை.

போன வருஷம் அந்த எடிட்டிங் சாஃப்ட்வேரைப் புதுசாக மாற்றினார்கள். வந்தது வினை. எதன் மேல் நின்றாலும் ஸ்கிரீன் ரீடர் வெறும் 'பட்டன்' என்றுதான் சொன்னதாம், எது எதற்கென்று சொல்லவில்லையாம். பார்த்து அமுக்க ஓர் ஆள் வேண்டுமென்றான். விடியலில் மீன் மார்க்கெட்டுக்குப் போய் மதியம் திரும்பியதும் இறால் உரிக்க வரும் மருமகள் திவ்யா, அன்றிலிருந்து மவுஸும் கையுமாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் மருமவ குடுத்து வச்சவக்கா," என்று கூட உரித்துக்கொண்டிருந்த காசியம்மாள் கொளுத்திப் போட்டாள். வியாபாரியின் வண்டி வருவதற்குள் அன்னக்கூடை நிறைய இறாலை உரித்தாக வேண்டும்.

"பொண்டாட்டிய இப்படியா பக்கத்துலயே உக்கார வச்சிக்குவான்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்."

கையைக் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள் இருசம்மாள்.

திவ்யா பாயில் சுருண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மவுஸ் ஒயர் சுற்றி அலமாரி மேல் கிடந்தது. தினகரனின் விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. இயர்போனின் ஒரு முனை அவன் காதில். மேஜையில் கிடந்த மறுமுனை, ஒவ்வொரு பட்டனின் பெயரையும் மெல்லிய குரலில் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அமுக்கிட்டியா? சரி, அடுத்தது," என்றான் வாசல் பக்கம் திரும்பி, சத்தமாக.

"இன்னாடா இது? அதுதான் எல்லாத்தையும் சொல்லுதே?"

திடுக்கிட்டவன் குரலைத் தாழ்த்தினான். "மெதுவா பேசும்மா. பொங்கலுக்கு முன்னாடியே சரிபண்ணி அனுப்பிட்டாங்க."

"அப்புறம் எதுக்குடா பொய்?"

"அவ சும்மா படுத்துக்கினு இருக்கான்னா நீ விடுவியா?"

இருசம்மாளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த நாளாக இந்தப் பெண் பகலில் கண்ணை மூடி அவள் பார்த்ததே இல்லை.

"இன்னாக்கா, உன் மருமவ வராளா, இல்லியா?" வெளியிலிருந்து காசியம்மாள் கேட்டாள்.

"எங்க வரது? அவ இல்லாம இங்க ஒரு வேலையும் ஓடாது. நாமளே உரிப்போம்," என்று பதில் குரல் கொடுத்தாள் இருசம்மாள்.

கதவைச் சாத்தப் போனவள், தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுடா. காசியம்மாளுக்குக் காது மந்தம்."