வந்தவர் யாரென்று சொல்லும் சென்சார்

"வர்றவங்களைப் பிரிச்சுப் பார்க்கறதுக்கு ஒரு மிசினா? நல்லா இருக்குது அம்மிணி உன்ற படிப்பு!"

மருதாசலம் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். எருமப்பட்டியில் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருப்பவர். ஊரில் எந்த விழா என்றாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

மகள் கிருத்திகா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். கட்டைகளை அடுக்கி வீடு, வண்டி, கோட்டை என்று கட்டுகிற வீடியோ கேம் ஒன்று திரையில் இருந்தது. அதில் புதிதாகச் சேர்க்க ஒரு பாகம் சொல்லுங்கள் என்று அதை நடத்தும் பெங்களூர் கம்பெனி கேட்டிருந்தது. யோசனை தேறினால் அங்கேயே வேலை. தேறாவிட்டால் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கச் சம்மதிக்க வேண்டும். இது மருதாசலம் போட்ட கண்டிஷன்.

"இப்ப இருக்கற சென்சாருக்கு, யாரோ வந்திருக்காங்கன்னு மட்டுந்தாங்கப்பா தெரியும். யார் வந்து நின்னாலும் கோட்டைக் கதவைத் திறந்துடுது. எதிரியும் உள்ள வந்துடறான். வந்தது நம்ம ஆளா, வேத்தாளான்னு சொல்றதுக்கு ஒரு சென்சார் வேணும்."

"நம்ம ஆளு, வேத்தாளு! நம்ம ஊட்டு கேட்டை என்னைக்காவது சாத்தியிருக்கறமா? பள்ளிக்கூட விழாவுல நான் என்ன பேசுனேன்? மனுசனை மனுசனாப் பாருங்கன்னு பேசுனேன். கைதட்டு நிக்கவே இல்லை. எனக்குப் பொறந்துட்டு உனக்குப் போகுது பாரு புத்தி."

"கம்பெனிக்காரங்களும் திருப்பி அனுப்பிட்டாங்கப்பா. வெளியில பார்த்தா எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்காங்க, உங்க சென்சார் எப்படிப் பிரிக்கும்னு கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் அனுப்பணும். எனக்கு ஒண்ணுமே தோணலை."

"தோணாது. அதெல்லாம் ஆகிற காரியமில்லை. மாப்பிள்ளை ஜாதகம் ரெடியா இருக்குது."

வாசலில் பைக் நின்றது.

"ராஜ் வந்துட்டாருங்கப்பா. சேலத்துல இருந்து வர்றாரு. அவரும் நானும் சேர்ந்துதான் இந்த யோசனையை எழுதறோம். கேம்ல பழக்கம். நேர்ல இப்பத்தான் பார்க்கறேன்."

மருதாசலம் எழுந்தே விட்டார்.

"வாங்க தம்பி, வாங்க! உள்ள வாங்க. சோபாவுல உக்காருங்க. உங்க ஊடு மாதிரி நினைச்சுக்குங்க. ஈஸ்வரி, தம்பிக்குக் காப்பி!"

அவர் மனைவி ஈஸ்வரி சமையலறையில் வெள்ளி டம்ளரை எடுத்துக் கழுவினாள்.

"தம்பி சேலத்துல எங்கீங்க?"

"அஸ்தம்பட்டிங்க அங்கிள்."

"அட, நல்ல இடமாச்சே! பூர்வீகமே அதுதானுங்களா?"

"ஆமாங்க. தாத்தா காலத்துல இருந்தே."

"சந்தோசம். அப்பா பேரு?"

"சின்னப்பராஜ்ங்க."

மருதாசலத்தின் சிரிப்பு குறையவில்லை. சோபாவின் நுனிக்கு மட்டும் நகர்ந்து உட்கார்ந்தார்.

"குலசாமி கோயிலெல்லாம் எந்தப் பக்கமுங்க?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க அங்கிள்."

"எல்லா சாமியும் ஒண்ணுதானுங் தம்பி. நான் மேடையிலேயே பேசியிருக்கறேன். அது சரி... சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி?"

"முன்னாடிங்களா? டிபன் சாப்பிட்டுட்டுத்தான் போவோம்."

"அதில்லைங் தம்பி. உங்க தாத்தாவுக்கும் முன்னாடி, ஆதியில..."

ராஜுக்கு இப்போதுதான் கேள்வி புரிந்தது. கேட்டதைச் சொன்னான். ஒரே சொல்தான்.

"சந்தோசம், ரொம்ப சந்தோசம்!" மருதாசலம் துண்டால் விசிறிக்கொண்டார். "அப்பப்பா, உள்ள என்ன புழுக்கம்! ஈஸ்வரி, தம்பிக்கு வேப்ப மரத்தடியில சேர் போடச் சொல்லு. வெளியில காத்து நல்லா வருது."

அவர் தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரிக்கு அந்தக் குறிப்பு போதும். வெள்ளி டம்ளரை அலமாரியில் வைத்தாள். பண்ணை ஆட்களுக்காக வாங்கி வைத்திருந்த பேப்பர் கப்புகளில் ஒன்றை உருவினாள்.

கிருத்திகா அந்தக் கப்பைப் பார்த்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கும் பேப்பர் கப்புலயே குடும்மா" என்றபடி வெளியே போனாள்.

மருதாசலம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேப்ப மரத்தடியில் ராஜ் அந்தக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளிடம் என்னவோ சொன்னான். அவள் தலை குனிந்தாள். அப்புறம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் படபடவென்று டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

"பாத்தியா ஈஸ்வரி? வெளியில உக்கார வெச்சது நல்லதாப் போச்சு. காத்துப் பட்டதும் மூளை வேலை செய்யுது."

அடுத்த மாதம் யோசனை தேறி, கேமிலும் சேர்ந்துவிட்டது. இருவருக்கும் வேலை.

"சென்சாருக்கு உங்க பேரைத்தாங்கப்பா வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கிருத்திகா மறுநாள் காலையே பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள்.

மருதாசலத்தைப் பிடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்தார். 'உலக கேமில் எங்கள் மருதாசலம்!' சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஹாலில் உட்கார வைத்து, தட்டுத் தட்டாக மைசூர்பாகு கொடுத்தார்.

தங்கை மகன் சபரிநாதன் செல்போனில் கேமைத் திறந்தான்.

"மாமா, உங்க பேரு போட்டு, அது எப்படி வேலை செய்யும்னும் இங்கிலீஷ்ல போட்டிருக்குதுங்க."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி தமிழ்ல சத்தமாச் சொல்லுடா!"

சபரிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"'மருதாசலம் சென்சார். வாசலில் வந்து நிற்பவரைச் சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிடும். ஊரைக் கேட்கும். அப்பா பேரைக் கேட்கும். சாமியைக் கேட்கும். வேற்றாள் என்று தெரிந்தாலும் கதவைச் சாத்தாது. வெளியில் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லும்.'"