இரண்டு வெடிப்புகள்

தோணிக்கு வண்ணம் பூசுவதில் தோணிரேவு தருமனை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் பழவேற்காட்டு ஒல்லாந்துத் துரை, கப்பலில் வந்திறங்கிய பெட்டிபோல் மூடிய தன் கோச்சு வண்டியை அவனிடம் ஒப்படைத்தார். அப்படியொரு வண்டியைத் தருமன் கண்டதேயில்லை.

"அடிப்பூச்சு போட்டாச்சு, பித்தளைச் சாமானெல்லாம் கழட்டியாச்சு. கறுப்பு பூசினப்புறம் ஒரு வெடிப்பு தெரிஞ்சுது, முதுகுல சவுக்குதான்!" என்று மிரட்டிவிட்டு, துரையின் மொழிபெயர்ப்பாளரான துபாஷ் உண்ட மயக்கத்தில் எங்கோ நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்.

தருமன் சுறாத்தோலால் தேய்த்தான். அடிப்பூச்சு வெண்ணெயாக வழுவழுத்தது. அப்போதுதான் அந்த அநியாயம் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் ஆளுயர வெடிப்பு!

"இன்னாய்யா இது! ஏரியில எறக்கினா ஒரே முழுக்குதான்," என்றாள் அவன் மனைவி லோகாம்பாள்.

இருவருமாகப் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை உருக்கி ஊற்றி, இறுகியதும் மறுபடி தேய்த்தார்கள்.

சாயங்காலம் வந்த துரை தடவிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது தொரை!" என்றான் தருமன்.

துரை வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பல் மறைந்தது.

"கதவு எங்கே?" என்றார் அரைகுறைத் தமிழில்.

தருமன் வாயைத் திறப்பதற்குள் துபாஷும் அதையேதான் கேட்டார், இன்னும் உரக்க, வண்டிக்குள்ளிருந்து.