காற்றாடிக்கு வைத்த பொட்டு

ஒரு சாகச விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடிக்கு, ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் மெக்கானிக் குங்குமப் பொட்டு வைப்பார். அதைப் பிடித்துச் சுழற்றும் இன்ஜின் தண்டுக்கு அதெல்லாம் கிடையாது. அது உள்ளே எண்ணெயில் கிடந்தது.

அன்று விமானம் நடுவானில் அடுத்தடுத்து ஐந்து கரணம் அடித்தது. விமானம் திரும்பிய பக்கம் திரும்ப மாட்டேன் என்று காற்றாடி ஒவ்வொரு முறையும் முரண்டு பிடித்தது. அந்தப் பாரமெல்லாம் தண்டின் கழுத்தில் இறங்கியது. கீழே கூட்டம் கைதட்டியது.

"கேட்டியா, எல்லாம் எனக்குத்தான்" என்றது காற்றாடி.

"நல்லா சுத்தினே" என்றது தண்டு.

இறங்கியதும் மெக்கானிக் காற்றாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தைத் தண்டின் கழுத்தில் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார். மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மேலே எழுந்து வந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டது காற்றாடி.

"ரெண்டாவது கரணத்துல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"அப்ப நாம மேலே இருந்தோமே."

நெற்றியில் இருந்த பொட்டை அழித்துக்கொள்ளக் காற்றாடிக்குக் கையில்லை.