ஒரே கொடியில் இரண்டு சுரைக்காய்

ராஜமாணிக்கத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பீங்கான் பட்டறைக்குப் பின்னால் தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டத்திலிருந்து வாராவாரம் பங்கு வரும். அதில் சுரைக்காய் இருந்தால், ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார். அன்று நாக்கே சுருண்டுபோகிற கசப்பு. கசந்த சுரை விஷம். அதே கொடியில் காய்த்த இன்னொன்று, ஏழு மாதக் கர்ப்பிணி வேல்விழியின் பங்கில் போயிருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினார். அவள் வீட்டு அடுப்பில் கூட்டு கொதித்துக்கொண்டிருந்தது.

“சாப்ட்டியாம்மா? அந்தச் சுரைக்காயக் கீழ கொட்டு.”

“இது பூசணி மாமா. சுரைக்கா குப்பையில கெடக்குது. கடிச்சுப் பாத்தேன், ஒரே கசப்பு. துப்பிட்டேன்.”

வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். “நல்ல பொண்ணு. நீயும் எல்லாத்தயும் கடிச்சுப் பாப்பியா?”

“இல்லிங்க. மத்தவங்க காய அப்டியே அரிஞ்சு போட்டுருவேன். நீங்க போட்ட கொடியில வர்றத மட்டும்தான் கடிச்சுப் பாப்பேன். தோட்டத்துல நான் போட்ட கீரைய மோந்து மோந்து பாத்துட்டுத்தான வாங்குறீங்க, அந்தக் கோவம்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கோவத்த விட்டுடாதம்மா.”