விடச் சொல்லாத மூச்சு

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. நெஞ்சுப் படம் எடுக்க வந்த தபால்காரரிடம், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள். படம் எடுத்ததும் அடுத்தவர் கதவைத் தட்டவே, விடச் சொல்ல மறந்துபோனாள்.

மறுநாள் காலை அவர் மனைவியோடு வந்தார். வாய் இறுக மூடியிருந்தது, கண்கள் சிரித்தன.

"நீங்க விடச் சொல்லவே இல்லியாமே? எழுதிக் காட்டினாரு. பேச்சும் இல்ல, குறட்டையும் இல்ல. கல்யாணத்துக்கப்புறம் நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்!" என்றாள் மனைவி.

எக்ஸ்ரேக்காரி எழுந்து வந்து அவர் மார்பில் கை வைத்தாள். இதயம் துடித்தது; விலா அசையவில்லை.

"ஐயா, விடுங்க!"

திரைச்சீலை படபடத்தது. "அப்பாடா!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்மா," என்றாள் மனைவி.

விளக்குப் பலகையில் மாட்டியிருந்த நேற்றைய படத்தில், விரிந்திருந்த இரண்டு நுரையீரல்களும் மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தன.